ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்

எமில்டாக்கா வீட்டு கார் ஷெட்டில் என் ஞாபகத்துக்குக் கார் நின்றதே கிடையாது. அந்த வீட்டைக் கட்டின ஆள் கார் வாங்கப் போகிறேன், கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே முதலில் ஷெட்டைக் கட்டினாராம், அப்புறம் வீட்டைக் கட்டினாராம், அப்புறம் காரும் வாங்காமல் ஊரையும் காலி பண்ணிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டாராம். கைமாறிக் கைமாறி வீடு எமில்டாக்கா புருஷனிடம் வந்து, அந்த மனுஷனும் செத்து ஏழு வருஷமாகி, ஷெட்டில் மிச்சமிருந்தது விறகும் இரண்டு ஓட்டைக் குடையும் கெட்டுப்போன ஒரு ஃபிரிட்ஜும்தான்.

கெட்டுப்போன ஃபிரிட்ஜ்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். குளிர்ச்சிக்கு வாங்கின சாமானை எமில்டாக்கா சூட்டுக்கு வைத்திருந்தாள். உள்ளே இருந்த தட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழே ஒரு பால் பவுடர் டின்னைக் கவிழ்த்து, அதற்குள் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, மேலே மூன்று பீங்கான் ஜாடிகளில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் பட்டையும் போட்டு வாயில் வேட்டித் துணி கட்டிக் கதவைச் சாத்தினாளென்றால், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே தொங்குகிற தெர்மாமீட்டர் இருபத்தி நாலு டிகிரி காட்டும். தேயிலை ஃபேக்டரியில் இலை புளிக்க வைக்கிற ரூமில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பொம்பளை அவள். மூக்கை நீட்டினால் போதும், இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை அந்த வீட்டு வாசக்கதவைச் சாத்த மாட்டாள். இந்துவோ கிறிஸ்தவனோ சாயபோ, யார் படியேறினாலும் வா என்று கேட்கிறதுக்கு முன்னால் கையில் ஒரு கிளாஸ் ஒயின் வந்துவிடும். எங்கள் தெருவான முள்ளிக்கம்பை லைனில் இருபது வீடு. இருபது வீட்டுக்காரரும் அன்றைக்கு அந்த வாசலில்தான் நிற்போம்.

அந்த வருஷம் உறைபனி நவம்பர் பாதியிலேயே விழுந்துவிட்டது. உருளைக்கிழங்குச் செடியெல்லாம் ஒரே ராத்திரியில் கருகிப்போனது, குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது, அதே வாரம் எமில்டாக்காவின் கடைசி குண்டு பல்பும் சட்டென்று ஒரு சத்தம் போட்டு உயிரை விட்டது. புது பல்புக்கு அவள் ஏறி இறங்காத கடையில்லை. எல்லாரும் எல்.இ.டி. பல்பைத்தான் எடுத்து நீட்டினார்கள். "இது வெளிச்சம் தருது, சரி. சூடு தருமா?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டாள். "சூடே வராதுக்கா, அதான் இதுல விசேஷம்" என்று கடைக்காரன்கள் பெருமையாகச் சொன்னார்கள். நாசமாய்ப் போக உன் விசேஷம் என்று ஷெட்டுக்குத் திரும்பிவந்தவள், வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தாள், கம்பளியைச் சுற்றிப் பார்த்தாள், செத்துப்போன புருஷனின் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து நடு ஜாடிக்குப் போட்டு பட்டனையும் மாட்டிப் பார்த்தாள். எதற்கும் ஜாடிகள் மசியவில்லை. ஒரு நுரைக்குமிழிகூட மேலே வராமல், திராட்சை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு ஒயின் ஊமையாகிவிட்டது.

அப்படி அவள் கடுகடுவென்று இருந்த ஒரு சாயங்காலம்தான் ஜெனோவா வந்து இறங்கினாள். அக்காவுக்கு ஒரே பெண். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவளுக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்திருந்தது. வந்தவள் தனியாக வரவில்லை. பின்னால் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நாங்களெல்லாம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் பல் அடித்துக்கொண்டிருக்கிற குளிரில், ஒரு அரைக்கைச் சட்டையோடு அவள் புருஷன் நின்றான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெனோவா தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டவன். வேம்பாருக்குப் பக்கத்தில் உப்பளத்தில் பம்பு செட் பார்க்கிறவன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, அதனால் கூடவே வந்திருந்தான். பேர் வெயிலுமுத்து. பேரை வைத்து நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வெயிலுமுத்து இருப்பார்களாம்.

"நீ உள்ள வா" என்றாள் அக்கா, மகளிடம்.

"அவரு?"

"எவரு?"

"அம்மா, எம் புருஷன். உன் கண்ணு முன்னாடி பெட்டியத் தூக்கிட்டு நிக்கிறாரு."

"கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிக்காம எவன் வந்து நின்னாலும் என் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஆள் வேணும்னா கார் ஷெட்டுல இருக்கட்டும். விறகே நனையாம இருக்கிற இடம்தான்."

ஜெனோவா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தாள். அவன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான். "நீ உள்ள போத்தா. தகரக் கொட்டாய் எனக்குப் பழக்கந்தான். குளிருன்னா என்னன்னே எனக்குத் தெரியாது, பொறந்ததுல இருந்து அது எங்கிட்ட வந்ததே இல்ல" என்றான். அக்கா பக்கம் திரும்பி, "இருக்கட்டும்த்தே" என்று வேறு சொன்னான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நான், வாய்க்கொழுப்பைப் பார், விடிந்தால் தெரியும் சங்கதி என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

விடிந்தது. லைன் முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. எமில்டாக்கா வீட்டு கார் ஷெட்டின் கூரை மட்டும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றிப் பதினைந்தடிக்குப் புல் பச்சையாக இருந்தது, எதிர் வீட்டுத் தவமணி அண்ணனின் கோழிகள் ஒன்று விடாமல் அந்தப் பச்சையில் வந்து உட்கார்ந்திருந்தன. அக்கா மரக்கரண்டியோடு ஷெட்டுக்குள் போனாள், நானும் பின்னாலேயே போனேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, பனியனோடு, சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். ஃபிரிட்ஜைத் திறந்தால் மூன்று ஜாடியிலும் வேட்டித் துணி பூரி மாதிரி உப்பி நிற்கிறது, உள்ளே முணுமுணுவென்று நுரைக்கிற சத்தம் கேட்கிறது, தெர்மாமீட்டர் இருபத்தாறைக் காட்டுகிறது. அக்கா தெர்மாமீட்டரைப் பார்த்தாள், ஒரு கணம் அவனைப் பார்த்தாள், பிறகு ஜாடியைப் பார்த்து, "ரெண்டு டிகிரி ஜாஸ்தி" என்றாள். அவன் எழுந்து சாக்கை இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் இருபத்தி நாலுக்கு வந்தது. அக்கா வீட்டுக்குள் போய் ஒரு சாக்பீஸ் எடுத்துவந்து, அவன் கால் கட்டை விரலுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டுவிட்டு, கரண்டியைக் கழுவப் போனாள்.

அதிசயம் என்று சொல்வதானால் அவ்வளவுதான். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டோம், அரை நாள் கேட்டோம். உப்பளத்து வெயிலை வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, அது இப்போது திருப்பிக் கொடுக்கிறது என்றார் தவமணி அண்ணன். வயிற்றில் இருக்கும்போது இவன் அம்மா பப்பாளியாகத் தின்றிருப்பாள் என்றேன் நான். ஜெனோவா அவன் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள், தொண்ணூற்றெட்டரைதான் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் வேர்த்தது. மத்தியானத்துக்குள் எங்களுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது, ஏனென்றால் மத்தியானம் எனக்கு மாவு ஞாபகம் வந்துவிட்டது.

மலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. மார்கழிக் குளிரில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் புளிக்காது, அடுப்புப் பக்கம் வைத்தாலும் புளிக்காது, போர்வைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தாலும் புளிக்காது, இட்லி என்று எடுத்தால் எறிந்து நாயை அடிக்கலாம். நான் மாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய், "தம்பி, ஒரு ஓரமா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டு வந்தேன். மூன்று மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது. அன்றைக்கு நான் சுட்ட இட்லி மாதிரி என் ஜன்மத்தில் சுட்டதில்லை, நாலு வீட்டுக்குக் கொடுத்தேன், மறுநாள் காலையில் ஷெட்டில் பதினோரு குண்டான் இருந்தது. பிறகு மூன்று நாளாகக் காயாத பள்ளிக்கூட யூனிபார்ம்கள் வந்தன, பிறகு தவமணி அண்ணனின் பொரிந்த குஞ்சுகள் அட்டைப்பெட்டியோடு வந்தன, பிறகு முழங்கால் வலிக்காரர்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தபால்காரர் கையைச் சூடேற்றிக்கொள்ள வந்தார், கோயில் பாடற்குழுக்காரர்கள் குளிரில் விறைத்துப்போன தபேலாவைக் கொண்டுவந்து அவன் முதுகுப் பக்கம் சாய்த்து வைத்தார்கள். பங்குச்சாமியாரும் வந்தார். இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்லலாமா, பிஷப்புக்கு எழுத வேண்டாமா என்று நாங்கள் கேட்டதற்கு, அவர் இரண்டு உள்ளங்கையையும் அவன் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். போகும்போது தம் ஈரக் காலுறைகளைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார்.

எமில்டாக்கா மட்டும் அவனிடம் பேசவே இல்லை. தினமும் காலையிலும் சாயங்காலமும் வருவாள், ஃபிரிட்ஜைத் திறப்பாள், மரக்கரண்டியால் கிண்டுவாள், பேசுவதையெல்லாம் ஜாடியிடம் பேசுவாள். "இன்னிக்கு மேகமா இருக்கு, ஒரு டிகிரி கம்மி" என்பாள், அவன் நகர்ந்து கிட்டே வருவான். "நுரை ஜாஸ்தி, இப்படிப் பொங்கினா ருசி கெட்டுடும்" என்பாள், தள்ளிப் போவான். வெயில் நாளுக்கு ஒரு கோடு, மேக நாளுக்கு ஒரு கோடு, உறைபனிக்கு ஒரு கோடு, மழைச்சாரலுக்கு ஒன்று என்று தரையெல்லாம் கோடாகிவிட்டது. அவனும் எந்தக் கோடு எதற்கென்று ஒரு தடவைகூடப் பிசகாமல் மாறி மாறி உட்கார்ந்தான். ஜெனோவா வேலை முடிந்து வந்து ஷெட்டிலேயே அவனோடு சாப்பிடுவாள், எட்டு மணிக்கு அவனே அவளை வீட்டுக்குள் துரத்திவிடுவான். வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று அவள் கிளம்பினபோதும் அவன்தான் தடுத்தான்.

"ஏன் தம்பி, உனக்கென்ன தலையெழுத்தா?" என்று நான் கேட்டேன்.

"ஒயினு நல்லபடியா வந்துருச்சுன்னா, அத்தே என்னைய உள்ள வான்னு சொல்லிருவாகல்லக்கா?" என்றான்.

அந்தக் கண்ணைப் பார்த்து என்னத்தைச் சொல்வது. "சொல்லாம பின்ன" என்றேன்.

இனி நான் சொல்லப்போகிறதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரம் அவன் சூடு கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, என் மாவு நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டது. உடனே இருபது வீடும் கூடிப் பேசினோம், யார் என்றைக்கு என்ன கொடுப்பது என்று முறை போட்டோம், முறை போட்ட மகராசி நான்தான். திங்கட்கிழமை கருவாட்டுக் குழம்பு, செவ்வாய்க்கிழமை கொள்ளு ரசம், புதன்கிழமை மிளகைத் தட்டிப் போட்ட நாட்டுக்கோழி, வியாழக்கிழமை எள்ளுருண்டை, இப்படி உடம்புக்குச் சூடு என்று நம் ஆட்கள் எதையெல்லாம் ஒதுக்குவார்களோ அதையெல்லாம் தேடித் தேடி ஊட்டினோம். தயிர் கிடையாது, வெள்ளரிக்காய் கிடையாது, வெந்தயம் கண்ணிலேயே படக் கூடாது. அவன் ஒன்றும் கேட்காத பையன். ஒரே ஒரு தடவை, உதட்டை நக்கிக்கொண்டு, "ஒரு டம்ளர் மோரு கெடைக்குமாக்கா?" என்று கேட்டான். அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒரே வாயாக, "கிறிஸ்துமஸ் முடியட்டும் தம்பி" என்றோம்.

ஜெனோவா கேட்பாளா? மறுநாள் கைப்பைக்குள் பாட்டிலில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் ஷெட் கூரையின் ஓரத்தில் பனி ஏறிவிட்டது, இரண்டு குஞ்சு விறைத்துச் செத்தது, ஜாடிகள் சத்தத்தை நிறுத்திக்கொண்டன. தவமணி அண்ணன் செத்த குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "இது நியாயமாம்மா?" என்று நடு வாசலில் நின்று கேட்டார். நானும் என் பங்குக்கு, "படிச்ச பொண்ணுதானே நீ, ஊருக்கு ஒரு நல்லது நடக்கிறது பொறுக்கலையா?" என்று கத்தினேன். அப்படித்தான் கத்தினேன். எமில்டாக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை கருவாடு வந்தது, இரண்டு நாளில் எல்லாம் பழையபடி ஆனது.

அதற்கப்புறம் அவனுக்குச் சூடு ஏறியதே தவிர இறங்கவில்லை. நல்ல உறைபனி நாளிலும் ஜாடிக்கு ரொம்பத் தள்ளியிருந்த கடைசிக் கோட்டில் போய் உட்கார்ந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது, பிடரியில் சூட்டுக்கட்டி வரிசையாக எழும்பியது, கையால் கோதினால் தலைமுடி கொத்தாக வந்தது, இடுப்பில் நிற்காத பேண்ட்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டான். "அம்மா, அவரு உருகி உருகி ஓடிட்டு இருக்காரும்மா" என்று ஜெனோவா சமையலறையில் நின்று அழுதது என் வீட்டுக்குக் கேட்டது. லைனில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டோம், நான் இரண்டு தடவை சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும். ஒயின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்தச் சமயத்தில் சூடு நின்றால் எல்லாம் போச்சு. தெளியாது, வீரியம் ஏறாது, சர்க்கரைத் தண்ணியும் இல்லாமல் ஒயினும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலிப் பக்கம் வந்தவள், "ரத்தினம், உங்க ஆளுங்கள்ல ஆம்பிளைங்களுக்கு எந்த நாள்ல எண்ணெய் தேய்ப்பீங்க?" என்று கேட்டாள். "சனிக்கிழமைக்கா" என்றேன் நான், எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நொடி யோசிக்காமல். நான் கையில் வைத்திருந்தது அவனுக்காக வறுத்த எள்.

சனிக்கிழமை காலையில் எப்போதும்போல அக்கா மரக்கரண்டியோடு ஷெட்டுக்குப் போனாள். அவன் கடைசிக் கோட்டில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்தில்கூடக் கால் கோட்டைத் தாண்டிவிடக் கூடாதென்று முழங்காலை மடக்கி நெஞ்சோடு கட்டியிருந்தான். வெடித்த உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு வாசனை வந்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். கரண்டியை ஜாடி மேல் வைத்தாள், குனிந்தாள், புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

எழுப்பிக் கூட்டிவந்து முற்றத்தில் மணையைப் போட்டு உட்காரவைத்தாள். கிண்ணம் நிறைய நல்லெண்ணெய், அம்மியில் அரைத்த வெந்தயம், சீயக்காய், எல்லாம் தயாராக இருந்தது, ராத்திரியே ஊறப்போட்டிருக்கிறாள். முதல் கை எண்ணெய் உச்சந்தலையில் விழுந்தபோது சொய்யென்று ஒரு சத்தம் கேட்டது, புகை மாதிரி லேசாக ஒன்று எழுந்து போனது. இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் சத்தமில்லை. உச்சியைத் தட்டித் தட்டி, பிடரியில் சூட்டுக்கட்டிகளைத் தொடாமல் சுற்றிச் சுற்றி, கண்ணுக்கு இரண்டு சொட்டு, காதுக்கு இரண்டு சொட்டு, தொப்புளுக்கு ஒரு சொட்டு, உள்ளங்காலுக்கு அழுத்தி அழுத்தி, தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்க்கத் தேய்க்க ஷெட்டைச் சுற்றியிருந்த பச்சைப் புல் வெளியோரத்திலிருந்து ஒவ்வொரு அடியாக வெளுத்துக்கொண்டே வந்தது.

கோழிகள் கத்தித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஓடினோம். தவமணி அண்ணன் குஞ்சுப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, எமில்டா, என்ன காரியம் பண்றே!" என்று கூப்பாடு போட்டார். குண்டான்காரிகள் குண்டானைத் தேடி ஓடினார்கள். நான் நேராக அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இன்னும் நாலே நாள்! உன் ஒயின் போயிடும்க்கா!"

"தெரியும். கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்காதே" என்றாள்.

வெந்தயத்தைத் தலையில் அப்பி, வெதுவெதுப்பான தண்ணீரை மொண்டு ஊற்றினாள். மூன்றாவது சொம்பு ஊற்றும்போது அவன் தோள் இரண்டும் ஒரு குலுக்குக் குலுக்கின. பல்லோடு பல் தட்டியது. ரோமமெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. அவன் பயந்துபோய்த் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னத்தே? எனக்கு என்னமோ ஆகுதே?"

"ஒண்ணும் ஆகல. இதுக்குப் பேருதான் குளிரு" என்றாள் அக்கா. அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பிறகு ஷெட்டுக்குள் போனாள். நடு ஜாடி போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டரின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உரித்துக்கொண்டு வந்தாள். துவட்டிவிட்டு அதை அவனுக்குப் போட்டாள், கழுத்துவரை பட்டன் மாட்டினாள், கையைப் பிடித்து வாசற்படி ஏற்றி உள்ளே கூட்டிப் போனாள். ஜெனோவா கதவுப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் குண்டானும் பெட்டியுமாக முற்றத்தில் நின்றோம், கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் குளிரத் தொடங்கியது, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

அந்த நாலு நாளும் லைனில் அவளை யாரும் மன்னிக்கவில்லை. முழங்கால்காரர்கள் முனகினார்கள், யூனிபார்ம் சொட்டியது, என் மாவு கல்லாகக் கிடந்தது. ஊரே ஒரு பையனை நம்பியிருக்கும்போது எந்தக் கிறுக்கியாவது எண்ணெய் தேய்ப்பாளா என்று குழாயடியில் கேட்டவர்களில் நானும் உண்டு. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அவன் கேட்ட அந்த ஒரு டம்ளர் மோரை நினைத்துக்கொண்டு, நான்தானே முறை போட்டேன், நான்தானே கத்தினேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போகக் கூடாது என்று லைனே முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. பூசை முடிந்து பங்குச்சாமியார் அந்தப் பக்கம் நடந்தார், அவர் பின்னால் ஒருவர் போனார், அவர் பின்னால் ஒருவர் போனார், கடைசியில் இருபது வீட்டுக்காரரும் வழக்கம்போல அந்த வாசலில் நின்றோம். கதவு வழக்கம்போல விரியத் திறந்திருந்தது. பனிக்காற்று எங்களோடேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்கா தட்டு நிறையக் கிளாஸ்களோடு வந்தாள். ஒயின் கலங்கல், மண்தண்ணீர் நிறம். பங்குச்சாமியார் ஒரு மிடறு குடித்துவிட்டு மேலே பார்த்தார். ஒரே இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தவமணி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

உள்ளே, நடுக் கூடத்தில், எமில்டாக்கா புருஷன் உட்கார்கிற நாற்காலியில் வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தான். பழுப்பு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை, தலையில் குரங்குக் குல்லா, கையில் சூடாக ஒரு டம்ளர் காப்பி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான். "ஒயினு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் முடியாமல் அடுக்காக நாலு தும்மல் தும்மினான்.

நான் கிளாஸைக் காலி பண்ணி, இன்னொன்றுக்குக் கையை நீட்டினேன்.

அக்கா கிளாஸை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் உள்ள வாங்க. கடைசியா வர்றவங்க அந்தக் கதவைச் சாத்துங்க. எங்க மாப்பிள்ளைக்குக் குளிருது" என்றாள்.

எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். நான்தான் கடைசி. கதவைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.